வீட்டுப் பங்கு

பெண்டாட்டியை அரை அங்குலம்கூடப் பிரிய மாட்டேன் என்று தன் உடம்பில் பாதியையே அவளுக்குக் கொடுத்துவிட்டு மலை உச்சியில் ஒற்றை உருவாக நிற்கிறார் திருச்செங்கோட்டுச் சாமி. அவர் காலடியில், அதே மலையின் நிழல் விழுகிற தெருக்களில், வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆண்பிள்ளை வாசமே இருக்காது. போர்வெல் வண்டியோடு போய்விடுவார்கள். தெலுங்கு தேசம், மராட்டிய தேசம், அதற்கும் மேலே சோளக்காடு முடிந்து தேக்குக்காடு தொடங்குகிற பெயர் தெரியாத தேசம் என்று யார் யாருடைய நிலத்தையோ துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, பொங்கலுக்கு வந்து நாலு நாள் தூங்கி, ஐந்தாம் நாள் மறுபடி வண்டியேறுவார்கள். சாமி இதையெல்லாம் மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தெருவில்தான் சம்பூரணம் இருந்தாள். கல்யாணமான புதிதில் நாச்சிமுத்து டிரில்லராகப் போனவன், அவள் தலையில் நரை விழுந்த பிறகும் போய்க்கொண்டேயிருந்தான். பொழுது சாய்ந்ததும் அவனிடமிருந்து போன் வரும். அந்தப் பேச்சில் இத்தனை வருஷத்தில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"சாப்புட்டியா அம்மணி?"

"ஆச்சுங். நீங்க?"

"ஆச்சு."

அவ்வளவுதான். அவள் சொன்னது பொய். அவன் போன் வருகிற வரைக்கும் அவள் தட்டில் கை வைத்ததே கிடையாது. ஆனால் அதைப் போய் ஒருத்தன் கண்காணாத காட்டில் உட்கார்ந்திருக்கிறபோது சொல்வார்களா? சொன்னால் அவனுக்குச் சோறு இறங்குமா? அதனால் ஆச்சு என்றே சொல்லிச் சொல்லி, அவளுக்கே அது பொய் என்பது மறந்துபோயிருந்தது.

ஒரு நாள் நாச்சிமுத்து ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினான். இனிப் போக முடியாது. இத்தனை வருஷமாகத் துளைத்த பாறையெல்லாம் மாவாகி அவன் நெஞ்சுக்குள் போய்ப் படிந்திருந்தது. ஈரோட்டு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, புகை ஆகாது, தூசி ஆகாது, சாம்பிராணிகூட ஆகாது, நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றினால்தான் ஆள் நிற்பார் என்று சொல்லி அனுப்பினார்.

தெருப் பெண்களுக்கு இதில் முதல் பாதி காதிலேயே விழவில்லை. புருஷன் வந்துவிட்டான், இனிப் போகவே மாட்டான் என்பது மட்டும்தான் விழுந்தது. "உனக்கென்னக்கா, சாமி குடுத்து வெச்சிருக்குது," என்றாள் பக்கத்து வீட்டு ராசாமணி, கண்ணில் கொஞ்சம் பொறாமையோடு. அவள் புருஷன் தங்கவேலு, நாச்சிமுத்து கடைசியாக வேலை பார்த்த அதே வண்டியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தான்.

குடுத்து வைத்த லட்சணத்தைச் சம்பூரணம்தான் பார்த்தாள். வந்தவன் வந்தானே தவிர வீடு சேரவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பான். சோறு வைத்தால் தட்டையும் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பான். அரிசியும்பருப்பும் பிடிக்கும் என்று மாமியார் சொன்னதை நினைவு வைத்துச் செய்தாள், நாட்டுக்கோழி அடித்தாள், வெள்ளாட்டு எலும்பில் ரசம் வைத்தாள். ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்து வைப்பாள். அவன் பிசைந்துவிட்டு எதற்கோ காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். ஆறுகிறதே என்று அவளுக்குப் பொறுக்காது, வெடுக்கென்று தட்டை எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவருவாள். நாலு வாய்க்குமேல் இறங்காது. ஆறின சோற்றைப் புருஷன் முன்னால் வைத்தாள் என்ற பேரை மட்டும் அந்த ஊரில் எந்தப் பெண்ணும் வாங்க மாட்டாள். அவன் சட்டைக்குள் அவன் நாளுக்கு நாள் சின்னவனாகிக்கொண்டு வந்தான்.

"என்னதான் வேணுமுங்? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்," என்று ஒரு நாள் அழுதே விட்டாள்.

அவன் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தான். "உம்மேல குத்தமில்ல அம்மணி. இது வெந்த சோறு. நாங்க தின்னது சுட்ட சோறு. நாக்கு அதுக்குப் பழகிருச்சு."

"எப்படிச் சுடுவீங்க, சொல்லுங்."

அங்கேதான் அந்த மனுஷன் வாயைத் திறந்தான். இருபத்துச் சொச்சம் வருஷத்தில் போனில் மூன்று சொல்லுக்குமேல் பேசாதவன், பொழுது இறங்கி விளக்கு வைக்கிற வரைக்கும் பேசினான். வண்டி நிற்கிற காட்டில் மூன்று கல் கூட்டி முள்விறகைப் போட்டுக் கொளுத்துவது, அது எரியும்போது சமைக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பது, தீ முழுக்க அணைந்து கங்கு சாம்பல் போர்த்தின பிறகு அதற்குள் சக்கரவள்ளிக் கிழங்கையும் கத்திரிக்காயையும் புதைப்பது, போர்வெல் குழியில் வெளிவருகிற சேற்றை எடுத்து, தேக்கிலையில் சுற்றின கோழிமேல் அப்பி உருட்டித் தள்ளுவது. "தீயில வெக்கறவன் அவசரக்காரன். தீ அணைஞ்ச பொறவுதான் புள்ள சமையலே," என்றான். பேசிப் பேசி இருமல் வந்தது. ஆனாலும் அவள் கட்டிக்கொண்ட மனிதனின் குரலை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டாள்.

விறகுக்கு வழியில்லை. புகை ஆகாது. ஆனால் வீட்டில் ஓர் ஓவன் இருந்தது. மகள் சிந்துஜா காலேஜில் படிக்கிறபோது கேக் செய்கிறேன் என்று வாங்கி, இரண்டு கேக் செய்து, அதில் ஒன்றை நாய்கூடச் சாப்பிடாமல் போய், கல்யாணமாகி ஓசூர் போனபோது அம்மாவுக்கே விட்டுவிட்டுப் போன ஓவன். சம்பூரணம் அதன் மேலிருந்த துணியை எடுத்துத் துடைத்தாள்.

முதல் நாள் கத்திரிக்காயைக் கம்பிமேல் அப்படியே வைத்தாள். அது சுருங்கிக் காய்ந்து கிடந்தது. இரண்டாம் நாள், கேக் தட்டில் ஆற்றுமணலைக் கொட்டி, கீழ்ச்சூட்டை மட்டும் போட்டு, மணல் நன்றாகச் சுட்ட பிறகு கிழங்கைப் புதைத்தாள். வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தது. அப்புறம்தான் அவன் சொன்னது உறைத்தது. அரைச் செங்கல் இரண்டை உள்ளே வைத்து, மணலையும் கல்லையும் நன்றாகக் காயவிட்டு, கிழங்கைப் புதைத்து மண்சட்டியால் மூடிவிட்டு, சுவிட்சை அணைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டுச் சமைக்கிற பொம்பளை இந்தத் தெருவிலேயே இவள்தான் என்று ராசாமணி சிரித்தாள். கோழிக்குச் சேறு கிடைக்காததால் வாழையிலையில் சுற்றி மேலே கோதுமை மாவைக் கனமாக அப்பி உள்ளே தள்ளினாள். அது கல்லாக இறுகி, அம்மிக் குழவியால் உடைக்க வேண்டியிருந்தது. "ஏம்புள்ள, இது கோழியா, கோழிக்குக் கட்டுன சமாதியா?" என்று நாச்சிமுத்து சிரித்தான். வந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் சாப்பிட்டது என்னவோ அதே நாலு வாய்தான்.

"கிட்டத்துல வந்துட்ட அம்மணி. இன்னும் என்னமோ ஒண்ணு," என்றான்.

அந்த வாரம்தான் அவன் கொண்டுவந்த பையை அவிழ்த்து வேலை உடுப்புகளைத் துவைத்தாள். ஊறப்போட்ட பக்கெட்டின் அடியில் திருநீறு மாதிரி வெளுப்பாக ஒரு மாவு படிந்தது. அவன் துளைத்த பாறைகளின் மாவு. அவனை அவளிடமிருந்து பிரித்துவைத்ததும் அதுதான், அவன் நெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் அதுதான். கொட்டிவிடத்தான் பக்கெட்டைச் சாய்த்தாள். கை வரவில்லை. தண்ணீரை வடித்து முறத்தில் காயவைத்து, அன்று சாயங்காலம் ஓவன் மணலோடு கலந்து, தனக்கொன்று அவனுக்கொன்று என்று இரண்டு கிழங்கு புதைத்தாள்.

எடுக்கும்போது மூன்று இருந்தன.

மூன்றாவது நீளமாக, கரிசல்மண் ஒட்டி, சாம்பல் பூத்துக் கிடந்தது. அதன் வாலை யாரோ கிள்ளியிருந்தார்கள். நாச்சிமுத்து அதை வாங்கி முகர்ந்து பார்த்தான். "இது ஆதிலாபாத் பக்கத்துக் கெழங்கு," என்றான், காய்கறிக்கடையில் சொல்கிற மாதிரி. "தங்கவேலு வெச்சது. வாலைக் கிள்ளியிருக்குது பாரு."

"அவரு வெச்சது இங்க எதுக்குங்க வருது?"

"வூட்டுப் பங்குடி இது. வூட்டுக்கு வெச்சது வூட்டுக்குத்தானே வரும்."

அப்புறம் விளக்கமாகச் சொன்னான். கங்கில் கிழங்கு புதைக்கும்போது வண்டிக்காரர்கள் அவரவர் தின்பதற்குமேல் கூடுதலாக ஒன்று புதைப்பார்கள். அது அவனவன் வீட்டுக்கு. அதை யாரும் தோண்டி எடுக்கக் கூடாது. தெரியாமல் இன்னொருத்தன் எடுத்துவிடாமலிருக்க அடையாளம் வைப்பார்கள். தங்கவேலு வாலைக் கிள்ளுவான், நாச்சிமுத்து தலையில் கட்டைவிரல் நகத்தால் ஒரு பிறை அழுத்துவான். விடிந்ததும் அதைச் சாம்பலிலேயே விட்டுவிட்டு வண்டி அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடும். யார் தொடங்கிவைத்த வழக்கம் என்று அவனுக்குத் தெரியாது.

சம்பூரணம் கிழங்கை முந்தானையில் மூடிக் கொண்டுபோய் ராசாமணியிடம் கொடுத்தாள். ராசாமணி கிள்ளியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள், ஒரு வாய் தின்றாள், வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உப்பே போடலியேக்கா அந்தாளு," என்றாள் அழுதுகொண்டே.

அடுத்த நாள் பொழுதோடு தெருவே வந்தது. ஒவ்வொருத்தியும் புருஷனின் பழைய சட்டையை அலசி எடுத்த மாவை டம்ளரிலும் விபூதி டப்பாவிலும் கொண்டுவந்தாள். யார் மாவைப் போடுகிறார்களோ அவர்கள் வீட்டுப் பங்கு வந்தது. ஒருத்திக்கு மக்காச்சோளம், ஒருத்திக்குத் தேக்கிலை வாசத்தோடு ஒரு கோழிக்கால், ஒருத்திக்கு எங்கேயோ சந்தையில் வாங்கின, பேர் தெரியாத காட்டுக்கிழங்கு. ஆச்சரியப்படுவதெல்லாம் அன்றோடு சரி. அதற்கப்புறம் எந்தத் தெருவிலும் நடக்கிறதுதான் நடந்தது. யார் முன்னால் என்று சண்டை வந்தது, செவ்வாயும் வெள்ளியும் கோழி வரக்கூடாது என்று கோவில்காரப் பெண்கள் சொன்னார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராசாமணி தன் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தாள். கரண்ட் போன ஒரு சாயங்காலம் தெருப் பெண்கள் மொத்தமும் மின்சார ஆபீசில் போய் நின்றார்கள்; காரணம் கேட்ட என்ஜினியரிடம், வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய கிழங்கு பாதி வழியில் நிற்கிறது என்றார்கள்; அவர் அதைப் புகார்ப் பட்டியலில் எப்படி எழுதினாரோ தெரியாது, லைன்மேன் உடனே வந்தார்.

போன் பேச்சும் மாறிப்போயிற்று. சாப்புட்டியா, ஆச்சு என்பதோடு நின்றிருந்தவர்கள், ஏன் இன்றைக்குக் கருகலாயிருந்தது, யார் உனக்கு மிளகாய் தடவக் கற்றுக்கொடுத்தது, கிழங்கில் ஏன் பல் பதிந்திருந்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். அங்கே காட்டில் இருந்தவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு வெட்கப்பட்டார்கள், அதற்கும் பிறகு நல்ல கிழங்காகத் தேடிப் பிடித்து வைக்க ஆரம்பித்தார்கள். இங்கேயிருந்து எதையாவது அனுப்பலாமா என்று அதிரசம், முறுக்கெல்லாம் புதைத்துப் பார்த்தாள் ராசாமணி. அவை அப்படியே மணலோடு திரும்பி வந்தன. அந்த வழி ஒற்றைவழியாகவே இருந்தது.

வண்டி முதலாளி ஒருவர் வெள்ளைச் சட்டையில் வந்து, என் வண்டி, என் விறகு, அப்படியிருக்கக் கிழங்கில் எனக்கில்லாத உரிமையா என்று நியாயம் பேசினார். பெண்கள் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஆனால் அன்று மாலையே அவர் மனைவி கொல்லைப்புறமாக வந்து நின்றாள். முதலாளி ஆகிறதற்கு முன்னால் அவரும் டிரில்லராக ஓடியவர்தான். அந்தக் காலத்துச் சட்டை ஒன்றைப் பெட்டியடியில் வைத்திருந்தாளாம். அதன் மாவுக்கு, விரல் தடிமனில் கரிக்கட்டையாகிப்போன ஒரு கிழங்கு வந்தது. "எப்பவோ வெச்சது போல," என்று அந்த அம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இம்புட்டு வருசமா வந்துட்டே இருந்திருக்குது பாரேன்."

அந்தச் சொல் சம்பூரணத்தைப் பிடித்துக்கொண்டது. பழையதும் வரும். வைத்தது எப்போதானாலும் வரும். அப்படியென்றால் அவளுடையது எங்கே? நாச்சிமுத்துவின் மாவுதான் எல்லாவற்றுக்கும் முதலில் போட்ட மாவு. ஒரே வண்டியில் படிந்த மாவாயிற்றே, அதற்குத் தங்கவேலுவின் கிழங்கு வந்தது, கூட வேலை பார்த்த இன்னும் இரண்டு பேரின் பங்கு வந்தது. தலையில் பிறை போட்ட ஒரு கிழங்குகூட வரவில்லை. இத்தனை வருஷமும் எத்தனை காடு, எத்தனை நெருப்பு. தினமும் சாயங்காலம் மணலைக் கிளறி ஊராருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, எல்லாரும் போன பிறகு அடி மணல்வரை விரலால் துழாவிப் பார்ப்பாள். கை சுடும். ஒன்றுமிருக்காது. கதவைச் சாத்திவிட்டு வந்து அவனுக்குச் சோற்றைச் சுடவைப்பாள். மற்றவர்களுக்குப் புருஷன் காட்டில் இருந்தான், கிழங்கு வந்தது. தனக்குப் புருஷன் கட்டிலில் இருக்கிறான், கிழங்கும் இல்லை, அவனும் இல்லை என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மழை வருகிறது என்று கூட்டம் சீக்கிரம் கலைந்த ஒரு பொழுதில் கேட்டேவிட்டாள்.

"எனக்கு நீங்க ஒண்ணுகூட வெக்கலீங்ளா?"

நாச்சிமுத்து மலையிலிருந்து கண்ணை எடுத்தான். "வெச்சேன்."

"வெச்சது வரணுமில்லீங். ஊருக்கெல்லாம் வருதே. பொய் சொல்லாதீங்க மாமா. மறந்துட்டேன்னு சொல்லுங், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"மறக்கல புள்ள. வராது அது." அவனுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். "தின்னுட்டேன்."

அவள் கையிலிருந்த மண்சட்டியைக் கீழே வைத்தாள்.

"எடுக்கக் கூடாதுதான். ஆனா எனக்கு விட்டுட்டு வர முடியல. விடியக்காலம் வண்டி கெளம்பறதுக்கு முன்னால எல்லாரும் ராடு ஏத்தீட்டிருப்பானுங்க. நான் மட்டும் போயிச் சாம்பலைக் கிளறுவேன். சில்லுனு ஆறிக் கெடக்கும். ராத்திரிக் கெழங்கு அவிஞ்ச கெழங்குதான். காலையில ஆறினதுதான் இனிப்பு. வண்டி மறைவுல குந்தி, நீ கையில எடுத்துக் குடுத்தாப்பல நெனச்சுட்டு... அதுல ஒரு வாயி உனக்கு, ஒரு வாயி எனக்குன்னு சொல்லிச் சொல்லித் தின்னுருவேன். உன்ற வாயையும் நாந்தேன் தின்னேன். சொன்னாச் சிரிப்ப. அங்க இருக்கறப்ப தெனமும் உங்கூடத்தான் சாப்புட்டேன் அம்மணி. இங்க வந்த பொறவுதான்..." அவன் கண் மறுபடி மலைக்குப் போயிற்று.

அவள் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுபோய் வைத்த தட்டுகளெல்லாம் அவளுக்கு நினைவு வந்தன. அவன் எதற்கோ காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்ததும், அது ஆறுகிற நேரம் பார்த்துத் தானே வெடுக்கென்று எடுத்துப்போய்ச் சுடவைத்ததும் நினைவு வந்தன. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதைவிட, எங்கேயோ ஒரு தேக்குக்காட்டில் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் தனக்கும் சேர்த்து ஒரு வாய் தின்ற அந்த மனிதனிடம் ஓடிப் போய்விட வேண்டும் போலிருந்தது. அவனோ நாலடி தள்ளிக் கட்டிலில் இருந்தான்.

அன்றைக்கு அவள் வேறொன்றும் சமைக்கவில்லை. மணலைக் காயவிட்டு, ஒரே ஒரு கிழங்கை அவனுக்காகப் புதைத்து, சட்டியால் மூடி, சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். எப்போது எடுப்பாய் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மழை வந்து அடித்து ஓய்ந்தது. இருவரும் சாப்பிடாமலேயே படுத்துக்கொண்டார்கள்.

விடிந்து மலைமேல் வெளிச்சம் விழுந்தபோது எழுந்து போய் ஓவனைத் திறந்தாள். மணல் சில்லென்றிருந்தது. விரலை விட்டுக் கிழங்கை எடுத்துத் தட்டில் வைத்தாள். தட்டை எடுக்கப் போனவள், பழக்கதோஷத்தில் அடி மணலையும் ஒரு தடவை துழாவினாள்.

இன்னொன்று இருந்தது.

கரிசல்மண் இல்லை, தேக்கு வாசம் இல்லை. முந்தாநாள் சந்தையில் அவளே பொறுக்கி வாங்கிய கிழங்குதான். மிச்சமிருந்த சூட்டில் பாதிதான் வெந்திருந்தது. தலையில் கட்டைவிரல் நகத்தால் ஒரு பிறை அழுத்தியிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். ஓவனிலிருந்து கட்டில் வரைக்கும் தரையில் மணல் உதிர்ந்து கிடந்தது.

நாச்சிமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நகத்தில் வெள்ளை மாவு. அவள் இரண்டு கிழங்கையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சாப்புட்டியா அம்மணி?" என்றான்.

ஆச்சுங் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"இன்னும் இல்லீங்," என்றாள்.

அவன் அரைவேக்காட்டுக் கிழங்கைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். நன்றாக வெந்து ஆறியிருந்ததைப் பிட்டு முதல் வாயை அவளுக்கு ஊட்டினான்.